நாற்பது இலைக்கு யார் சமைப்பது?

ஐந்நூறு பேர் சாப்பிடும் கல்யாணத்துக்குப் பேச வருகிறவர்களிடம் குழப்பம் இருக்காது. மண்டபம், முகூர்த்த நேரம், மெனு எல்லாம் எழுதியே வைத்திருப்பார்கள். விலையை மட்டும் பேசுவார்கள். முப்பதிலிருந்து ஐம்பது பேர் வரும் வீட்டு விசேஷத்துக்கு அழைக்கிறவர்கள்தான் திணறுகிறார்கள். குழந்தையின் ஆண்டு நிறைவு, வளைகாப்பு, புதுமனை புகுவிழா, இரண்டு வீட்டாரும் முதன்முதலாகக் கைநனைக்கும் நாள் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். "நாங்களே சமைத்துவிடலாமா, சமையலுக்கு ஆள் அனுப்புவீர்களா, இல்லை நீங்களே செய்து கொண்டுவந்து இறக்கிவிடுவீர்களா?" என்று மூன்று கேள்விகளையும் ஒரே மூச்சில் கேட்பார்கள்.

திருச்சியில் சைவச் சமையல் கான்ட்ராக்ட் எடுப்பது என் தொழில். "எங்களிடமே விட்டுவிடுங்கள்" என்று சொல்வதுதான் எனக்கு லாபம். ஆனாலும் இந்தக் கேள்விக்கு நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்த மாதம்? பட்ஜெட், தலைக்கணக்கு, வீட்டின் அளவு எல்லாம் அதற்குப் பிறகு. மார்கழியில் அழைத்தவுடன் வந்து நிற்கும் சமையல் மாஸ்டர், தை முகூர்த்த நாளில் தொலைபேசியையே எடுக்கமாட்டார். தையில் பிரச்சினையில்லாமல் வந்து சேரும் அவியல் சித்திரையில் வரும் வழியிலேயே ஊசிவிடும். ஆகவே எது நல்லது என்று பொதுவாகச் சொல்வதில் அர்த்தமில்லை. முதலில் ஒவ்வொரு வழியிலும் என்ன இருக்கிறது, என்ன இடிக்கிறது என்று பார்த்துவிடலாம்.

முழுக்க வீட்டிலேயே சமைப்பது

இருபது, இருபத்தைந்து பேர் வரை இதற்கு மேல் ஒன்றுமில்லை. அத்தை காய் நறுக்க, சித்தி தேங்காய் துருவ, யாரோ ஒருவர் வடை தட்ட, பேச்சும் சிரிப்புமாக முடிந்துவிடும். நாற்பது என்று வரும்போது உதவிக்கு ஆள் கூடினாலும் அடுப்பு கூடாது என்பதுதான் சிக்கல்.

கணக்கைப் பாருங்கள். முழுச் சாப்பாட்டுக்கு ஒரு கிலோ அரிசி எட்டிலிருந்து பத்துப் பேருக்கு வரும். நாற்பது இலைக்கு நான்கு முதல் ஐந்து கிலோ. வீட்டில் இருக்கும் பெரிய குக்கரில் ஒரு தடவைக்கு ஒன்றே கால் கிலோ வைத்தால் நான்கு ஈடு. அது ஒரு பர்னரைப் பிடித்துக்கொள்ளும். ஆளுக்கு நூற்றைம்பது மில்லி என்றால் சாம்பார் ஆறு லிட்டர். அதற்குப் பத்து லிட்டர் பாத்திரம் வேண்டும். வீட்டு அடுப்பின் சுடர் அந்தப் பாத்திரத்தின் நடுவட்டத்தை மட்டும்தான் தொடும். ஓரம் சலசலக்கும் முன் நடுவில் பருப்பு அடிப்பிடித்துவிடும். பக்கத்தில் நின்று கரண்டியால் அடியைத் துழாவிக்கொண்டே இருக்க ஓர் ஆள் வேண்டும். கூட்டு, பொரியல், பாயசம், ரசம் எல்லாம் இன்னும் வரிசையில் நிற்கின்றன. காலை நான்கு மணிக்கு ஆரம்பித்தாலும் பன்னிரண்டரைக்கு முதல் பந்தி போட முடியாமல் வீட்டுக்காரம்மாள் வியர்த்து நிற்பது இதனால்தான். அவருடைய கைப்பக்குவத்தின் குறையில்லை.

பெரிய பாத்திரமும் ஒரு பெரிய அடுப்பும் வாடகைக்கு எடுத்தால் தீராதா என்று கேட்பார்கள். பாதி தீரும். ஆனால் ஆறு லிட்டர் சாம்பாருக்கு உப்பு எவ்வளவு என்பது வீட்டில் சமைக்கிறவர்களுக்குக் கையில் வராது. பத்து மடங்கு அளவுக்குப் பத்து மடங்கு உப்பும் காரமும் போட்டால் தூக்கலாகிவிடும். புளியும் அப்படித்தான். முக்கால் பங்கு போட்டு, கொதித்தபின் நாக்கில் வைத்துப் பார்த்து மீதியைச் சேர்ப்பதுதான் வழக்கம்.

சமையல்காரரை வீட்டுக்கு வரவழைப்பது

மளிகையும் காய்கறியும் நீங்கள் வாங்கித் தருவீர்கள். மாஸ்டரும் கையாளும் வந்து சமைத்துக் கொடுப்பார்கள். தெற்குச் சீமையில் தவசிப்பிள்ளை என்பார்கள். ருசியைக் கேட்டால் இந்த வழிதான் முதலிடம். அடுப்பிலிருந்து இறங்கி அரைமணிக்குள் இலையில் விழுகிறது. உங்கள் வீட்டுப் பழக்கப்படி சாம்பாரில் வெல்லம் வேண்டுமா, பெருங்காயம் தூக்கலாக வேண்டுமா என்று நின்று சொல்லலாம். மீந்த மளிகை உங்களுடையது.

இடிக்கும் இடங்கள் மூன்று. முதலாவது கூலி. நாற்பது பேருக்குச் சமைத்தாலும் எண்பது பேருக்குச் சமைத்தாலும் மாஸ்டருக்கு அன்றைய பொழுது போய்விட்டது; கூலி ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் தலைக்கு வகுத்துப் பார்த்தால் இது சின்ன விசேஷத்துக்கு விலை கூடிய வழி. இரண்டாவது இடம். ஸ்ரீரங்கத்துப் பழைய வீடுகளில் கொல்லையும் கிணற்றடியும் உண்டு. அங்கே அண்டாவை ஏற்றி இறக்கலாம், கழுவி ஊற்றலாம். தில்லைநகர் அடுக்குமாடியில் பால்கனியில் வைத்துச் சமைக்க நான் ஆள் அனுப்புவதில்லை. மொட்டை மாடிக்குக் குடியிருப்போர் சங்கத்தில் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். எரிவாயு விஷயத்திலும் சிலர் சிக்கனம் பார்ப்பார்கள். வீட்டுக்குத் தரும் 14.2 கிலோ சிலிண்டர் வீட்டு உபயோகத்துக்கு மட்டுமே. கூலிச் சமையலுக்கு 19 கிலோ வணிகச் சிலிண்டர்தான். அதை யார் கொண்டுவருவது என்பதை முன்பணம் கொடுக்கும்போதே பேசிவிடுங்கள்.

மூன்றாவது, பலரும் யோசிக்காதது. வீட்டில் சமையல் நடந்தால் வீட்டு அம்மாவால் அன்று மனையில் நிம்மதியாக உட்கார முடியாது. "அம்மா, கட்டிப் பெருங்காயம் இருக்கிறதா? இன்னும் இரண்டு தேங்காய் வேண்டும். பெரிய ஜல்லிக்கரண்டி கொடுங்கள்" என்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு குரல் வரும். சாமான் பட்டியலை மாஸ்டரிடமிருந்து முந்தைய வாரமே வாங்கி, முதல் நாள் மாலையே எல்லாவற்றையும் ஒரே அறையில் எடுத்து வைத்து, அதற்கென்று மாமாவோ மச்சினரோ ஒருவரைப் பொறுப்பாகப் போட்டால் இந்தத் தொல்லை பாதியாகும்.

வெளியே சமைத்து வந்து இறங்குவது

இலைக்கு இவ்வளவு என்று பேசுவது. தலைவலி குறைவு. பரிமாற ஆள், இலை, தண்ணீர், சாப்பிட்ட இடத்தைத் துடைப்பது வரை சேர்த்துப் பேசலாம். சேர்த்தா சேர்க்காமலா என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். பரிமாறுகிறவருக்குத் தனிக் கூலி, வண்டி வாடகை, ஜி.எஸ்.டி. என்று கடைசியில் சேர்ந்து வருவதில்தான் மனக்கசப்பு உண்டாகிறது. பலர் ஐம்பது இலைக்குக் குறைந்து எடுப்பதில்லை. நாற்பது பேருக்கு ஐம்பது இலை விலை கொடுக்க வேண்டியிருக்கும். பில்லில் உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

இந்த வழியில் உங்களுக்கு எதிரி நேரம்தான். எங்கள் சமையற்கூடத்தில் ஒன்பதரைக்குச் சாம்பார் இறங்கும். பத்தரைக்கு வண்டி ஏறும். பதினொன்றேகாலுக்கு உங்கள் வாசல். பன்னிரண்டரைக்கு முதல் பந்தி, ஒன்றரைக்கு இரண்டாவது. கடைசி இலைக்குப் போகும் சாம்பாருக்கு நான்கு மணி நேரம் வயதாகியிருக்கும். சூடான உணவு 60 டிகிரி செல்சியசுக்கு மேலேயே இருந்தால் பயமில்லை. அதற்குக் கீழே இறங்கி அறைவெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்தால் கெடுவதற்கான எல்லா வாய்ப்பும் உண்டு. எனவே "காலையிலேயே கொண்டுவந்துவிடுங்கள்" என்று சொல்லாதீர்கள். பந்திக்கு ஒரு மணி நேரம் முன்பு என்று சொல்லுங்கள். சீக்கிரம் வந்தால் நல்லதுதானே என்று நினைத்து உங்கள் வயிற்றுக்குத்தான் தீங்கு செய்துகொள்கிறீர்கள்.

எது பயணம் தாங்கும், எது தாங்காது என்பது எங்கள் தொழிலில் பாதி. புளியில் பிறந்தவை எல்லாம் தாங்கும்: வத்தக்குழம்பு, புளியோதரை, புளிக்கூட்டு. பருப்பு உசிலி, உருளைக்கிழங்கு வறுவல், சேனை வறுவல் போன்ற உலர்ந்தவையும் தாங்கும். தேங்காய் அரைத்தவை வெயில் காலத்தில் தாங்காது. அதில் தயிரும் சேர்ந்த அவியல் எல்லாவற்றிலும் மோசம். மோர்க்குழம்பைத் திரும்பச் சுட வைத்தால் திரிந்துவிடும். வடையை மூடி வைத்தால் தன் ஆவியிலேயே ஊறிப் பஞ்சாகும். திறந்து வைத்தால் ஆறிக் கல்லாகும். இட்லியை ஹாட்பாக்ஸில் அடுக்கினால் மூடியிலிருந்து நீர் சொட்டி மேல் அடுக்கு குழையும். இடையிடையே ஈரம் பிழிந்த வெள்ளைத் துணி விரித்தால் கொஞ்சம் தப்பும். சேமியாப் பாயசம் வீட்டை அடைவதற்குள் கேசரி பதத்துக்கு வந்துவிடும். தனியாக ஒரு லிட்டர் காய்ச்சிய பால் கொடுத்துவிடும்படி கேட்டு வாங்குங்கள். பருப்புப் பாயசம் அப்படி இல்லை. வெல்லம் சேர்ந்து பதமாக வந்து சேரும். ரசத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நுரை கட்டியவுடன் இறக்க வேண்டிய ஒன்றை இரண்டாம் முறை கொதிக்கவிட்டால் மணம் போய்ப் புளித்தண்ணீர் மிஞ்சும்.

நான் பரிந்துரைப்பது

பெரும்பாலான மாதங்களில் நாற்பது பேருக்கு நான் சொல்வது பாதிக்குப் பாதி. சாதம், ரசம், அப்பளம், தயிர் நான்கும் வீட்டில். குழம்பு, கூட்டு, பொரியல், இனிப்பு வெளியிலிருந்து. வடை என்றால் மாவை மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டில் தட்டிப் போடலாம்.

இப்படிப் பிரிப்பதற்குக் காரணம் உண்டு. இலையில் உட்கார்ந்தவருக்குச் சாப்பாடு சூடாக இருக்கிறதா ஆறிவிட்டதா என்பதைச் சாதம்தான் சொல்கிறது. ஆவி பறக்கும் சாதத்தில் இளஞ்சூடான சாம்பாரை ஊற்றினால் யாரும் குறை சொல்வதில்லை. ஆறிய சாதத்தில் கொதிக்கும் சாம்பாரை ஊற்றினாலும் முகம் சுளிப்பார்கள். சாதத்துக்கு ஒரு பர்னர், ரசத்துக்கு ஒரு பர்னர் என்றால் வீட்டு அடுப்பே போதும். முதல் பந்திக்கு இருபது பேர் என்று வைத்துக்கொண்டால் இரண்டரைக் கிலோ அரிசி, இரண்டு ஈடு. அவர்கள் சாப்பிடும் நேரத்தில் அடுத்த இரண்டு ஈடு வெந்துவிடும். ரசத்துக்குப் பருப்புத் தண்ணீரும் புளிக்கரைசலும் காலையிலேயே தயார் செய்துவிட்டு, பந்தி போடும்போது விளாவி, நுரைத்ததும் இறக்கித் தாளித்தால் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே விருந்தாளிக்கு மணக்கும். பொரியலுக்குத் தேங்காய்ப்பூவைத் தனியாகக் கட்டித் தரச் சொல்லி, பரிமாறும் முன் தூவிக் கிளறுங்கள். நான் சொல்லாமல் எந்த வாடிக்கையாளரும் இதைக் கேட்டதில்லை. கேட்டால் எந்தச் சமையல்காரரும் மறுக்கமாட்டார்.

எண்ணிக்கையிலும் இந்த வழி கைகொடுக்கும். நாற்பது பேர் என்று சொல்லி நாற்பத்தெட்டு பேர் வருவது நம் வீடுகளில் வழக்கம். சாதத்தை இருபது நிமிடத்தில் கூட்டிவிடலாம், சாம்பாரைக் கூட்ட முடியாது. ஆகவே குழம்பு வகைகளை ஐந்து இலை அதிகமாகச் சொல்லுங்கள். இனிப்பு உருப்படிக் கணக்கு. எண்ணிச் சொல்லி அதற்கு மேல் ஐந்து. சாதத்துக்கு அரிசியைக் கழுவாமல் இரண்டு கிலோ தனியாக வைத்திருங்கள்; வேண்டாமென்றால் டப்பாவுக்கே திரும்பிவிடும்.

இனி மாதங்களுக்கு வருகிறேன். பாதிக்குப் பாதி என்று சொன்னதை நானே மாற்றிச் சொல்லும் மாதங்கள் இருக்கின்றன.

சித்திரையும் வைகாசியும்

மே 4-ஐ ஒட்டி அக்கினி நட்சத்திரம் தொடங்கிவிட்டால் திருச்சியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். இந்த மாதங்களில் யார் சமைப்பது என்பதைவிட எப்போது சாப்பிடுவது என்பதுதான் பெரிய கேள்வி. மதியச் சாப்பாட்டை விட்டுவிடுங்கள் என்பதே என் கட்சி. புதுமனை புகுவிழா அதிகாலையில் முடிகிறது என்றால் எட்டு மணிக்கு முழுமையான டிபன் போட்டு அனுப்பலாம்: இட்லி, பொங்கல், வடை, கொத்சு, கேசரி. நிச்சயதார்த்தம் என்றால் மாலை ஆறரைக்கு வைத்து டிபனாக முடிக்கலாம். பன்னிரண்டு மணி வெயிலில் மின்விசிறிக்குக் கீழே வியர்வை வழிய வத்தக்குழம்பு சாப்பிடச் சொல்வது விருந்தோம்பலில் சேராது.

மதியம்தான் என்று பிடிவாதமாக இருந்தால் வெளியிலிருந்து வருவது எல்லாம் புளியும் உலர்ந்ததுமாக இருக்கட்டும். அரைத்துவிட்ட தேங்காய் வேண்டாம். பருப்பு உசிலி, வத்தக்குழம்பு, உருளை வறுவல். குளிர்ச்சியானவற்றை வீட்டில் செய்துகொள்ளலாம்: வெள்ளரிப் பச்சடி, மாங்காய்ப் பச்சடி, நீர்மோர், பானகம். மாங்காய் மலிந்து கிடக்கும் நேரம், வேப்பம்பூவும் கிடைக்கும். முருங்கைக்காய் இப்போது சதைப்பற்றோடு மலிவாக வரும், சாம்பாருக்கு அதைவிட வேறு காய் தேட வேண்டாம். தயிர்சாதம் வைப்பதாக இருந்தால் தயிரில் பிசையாதீர்கள். சாதத்தைக் குழைத்து, ஆறிய பாலை நிறைய ஊற்றி, ஒரு கரண்டித் தயிரை மட்டும் விட்டுப் பிசைந்து வைத்தால் பந்தி நேரத்துக்குச் சரியாகத் தோய்ந்திருக்கும், புளிப்பே தெரியாது. இட்லி மாவு இந்த மாதங்களில் ஐந்தாறு மணி நேரத்திலேயே பொங்கி வழியும். மாலையில் அரைத்தால் காலையில் புளித்துக் கிடக்கும். இரவு பத்து மணிக்கு மேல் கரைப்பதே சரி.

ஆடி

ஆடியில் கல்யாணம் கிடையாது. அதாவது நல்ல மாஸ்டர்கள் வீட்டில் சும்மா இருக்கிறார்கள். வைகாசியிலும் ஆவணியிலும் கையில் அகப்படாத ஆட்கள் உங்கள் நாற்பது இலைக்கு வருவார்கள். கூலியும் பேசக்கூடியதாக இருக்கும். வளைகாப்பையோ பிறந்தநாளையோ ஆடியில் வைக்க உங்கள் வீட்டில் ஆட்சேபம் இல்லையென்றால், சமையல்காரரை வீட்டுக்கு வரவழைக்க இதுதான் காலம். மொட்டை மாடியில் மட்டும் அடுப்பை வைக்காதீர்கள். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்றால் அடுப்பின் சுடர் எம்மாத்திரம்? காற்று சுடரைப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போகும். எரிவாயு கரைவதுதான் மிச்சம். மூன்று பக்கமும் தகரம் வைத்து மறைத்தால் சமாளிக்கலாம், கொல்லை இருந்தால் அதுவே மேல்.

ஆடிப்பெருக்குக்கு மட்டும் எந்தச் சமையல்காரரையும் அழைக்க வேண்டாம். அம்மா மண்டபத்துக்கோ வேறு படித்துறைக்கோ எடுத்துப் போகும் சித்ரான்னத்துக்குப் புளிக்காய்ச்சலை இரண்டு நாள் முன்பே கிண்டி வைக்கலாம். அன்று காலை சாதத்தை வடித்து நல்லெண்ணெய் விட்டு ஆற வைத்து, ஒரு பங்கில் புளிக்காய்ச்சல், ஒரு பங்கில் எலுமிச்சை, ஒரு பங்கில் தேங்காய் என்று கலந்துவிட்டால் வேலை முடிந்தது. தேங்காய்ச் சாதத்தை முதலில் காலி செய்யுங்கள்.

புரட்டாசியில் கொலு வைத்த வீட்டுக்கு வருகிறவர்கள் மொத்தமாக வருவதில்லை. மாலை முழுவதும் இருவர் மூவராக வருவார்கள். அதற்குப் பந்திச் சமையல் பொருந்தவே பொருந்தாது. சுண்டல் வீட்டு வேலைதான். ஒரு கிலோ கொண்டைக்கடலை இருபத்தைந்து பேருக்குத் தொன்னையில் கொடுக்க வரும். மொத்தத்தையும் ஒரேயடியாகத் தேங்காய் போட்டுக் கிளறாமல், வேகவைத்ததை வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தாளியுங்கள். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் மட்டும் எங்கள் போன்ற சைவச் சமையல்காரர்களுக்கு வேலை நெருக்கும். அன்று விசேஷம் வைப்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

ஐப்பசியும் கார்த்திகையும்

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை இழுக்கும். மாடி இல்லை, கொல்லை இல்லை, ஈர விறகு எரியாது, ஷாமியானா ஒழுகும். சமையல்காரரை வீட்டுக்கு வரவழைக்கும் எண்ணத்தை இந்த இரண்டு மாதம் ஒதுக்கிவிடுங்கள். வீட்டுச் சமையலறையில் செய்ய முடிந்த அளவுக்குப் பாதிக்குப் பாதி; இல்லையென்றால் முழுக்க வெளியே. யாரிடம் கொடுப்பது என்பதில் என் யோசனை ஊரில் பேர் பெற்றவரைத் தேடாதீர்கள் என்பது. உங்கள் தெருவுக்கு அருகில் சமையற்கூடம் வைத்திருப்பவரைத் தேடுங்கள். மழையில் ஊரின் மறுகோடியிலிருந்து வண்டி வந்து சேர்வதற்குள் விருந்தாளிகளுக்குப் பசி அடங்கிவிடும்.

காய்கறி விலையும் இந்த நாட்களில் ஆட்டம் காட்டும். முருங்கை, சின்ன வெங்காயம், தக்காளி மூன்றும் மழையில் எகிறும். மழையில்லாத காலத்திலும் தக்காளி பழிவாங்கியிருக்கிறது. 2023 ஜூலையில் சென்னை ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு அரசு தக்காளி விற்க வேண்டி வந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். இப்படிப்பட்ட நேரத்தில் மளிகை நீங்கள் வாங்கும் முறையில் விலையேற்றம் உங்கள் தலையில் விழும். இலைக் கணக்கில் பேசியிருந்தால் எங்கள் தலையில். இதைச் சொல்லிக்கொடுப்பது என் பிழைப்புக்கு நல்லதில்லை, இருந்தாலும் உண்மை அதுதான்.

வாழை இலைக்கும் தட்டுப்பாடு வரும். காற்றடித்தால் இலை நார் நாராகக் கிழியும். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவின் தென்னையையும் வாழையையும் சாய்த்தபோது நல்ல தலைவாழை இலைக்குத் தவித்த நினைவு எங்கள் தொழிலில் எல்லோருக்கும் உண்டு. இலைக்குத் தனியாக முன்பணம் கொடுத்து வையுங்கள், பாக்குமட்டைத் தட்டையும் கொஞ்சம் வாங்கி வையுங்கள். அப்பளத்தைப் பந்திக்குப் பத்து நிமிடம் முன்பு பொரித்தால் போதும். முன்னதாகப் பொரித்தது ஈரக்காற்றில் துவண்டு தொங்கும்.

மார்கழி

எனக்குப் பிடித்த மாதம். முகூர்த்தம் இல்லை, அதனால் ஆள் கிடைக்கும். மழை ஓய்ந்துவிடும், வெயில் ஏறாது, சமைத்தது வெயில் காலத்தைப்போல் சீக்கிரம் கெடாது. காந்தி மார்க்கெட்டில் காய் பார்த்தாலே சமைக்கத் தோன்றும்: அவரை, பச்சை மொச்சை, பச்சைப் பட்டாணி, சர்க்கரைவள்ளி, சிறுகிழங்கு, பரங்கி, மா இஞ்சி. இந்தக் காய்களை வைத்துக்கொண்டு பன்னீர் மசாலா கேட்கிறவர்களிடம் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. மொச்சையும் கத்தரிக்காயும் போட்ட ஒரு புளிக்குழம்புக்கு முன்னால் அது எங்கே நிற்கும்?

கொல்லை இருக்கும் வீடென்றால் மாஸ்டரை வரவழையுங்கள். அடுக்குமாடி என்றால் இந்த ஒரு மாதம் முப்பது பேர் வரை நீங்களே சமைக்கலாம். முதல் நாள் இரவே பாதி வேலையை முடித்து வைத்தாலும் கெடாது. சித்திரையில் நினைத்துக்கூடப் பார்க்க முடியாத சௌகரியம் அது. திருவாதிரைக்குக் களியும் ஏழுகறிக் கூட்டும் வீட்டில்தான் செய்ய வேண்டும். அந்தக் கூட்டில் ஏழு காய்க்கும் ஏழு வேகும் நேரம். கிழங்கை முதலில், மொச்சையைத் தனியாக, பரங்கியைக் கடைசியில் என்று ஒருவர் பக்கத்தில் நின்று போட வேண்டும். மொத்தமாகச் செய்யும் இடத்தில் ஏழும் ஒன்றாக வெந்து பரங்கி இருந்த இடம் தெரியாமல் போய்விடும்.

மார்கழிக்கு உள்ள தொல்லை சீக்கிரம் ஆறிப்போவது. வெண்பொங்கல் இறக்கிய அரைமணியில் கட்டியாகிவிடும். வழக்கத்தைவிட ஒரு பங்கு தண்ணீர் கூட வைத்துத் தளர்வாக இறக்குங்கள். நெய்யை உருக்கி, கிண்ணத்தைச் சுடுதண்ணீரில் வைத்தபடியே பரிமாறுங்கள். இட்லி மாவை மாலை நான்கு மணிக்கே கரைத்து அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால்தான் காலையில் பொங்கும். தயிருக்கும் பால் இன்னும் கொஞ்சம் சூடாக, உறைமோர் இன்னும் ஒரு கரண்டி.

தை பிறந்துவிட்டால் இந்தச் சுகமெல்லாம் போய்விடும். பொங்கல் முடிந்த கையோடு முகூர்த்தங்கள் வரிசை கட்டும். காய்கறி இன்னும் நன்றாகவே இருக்கும், ஆனால் மாஸ்டர் இருக்கமாட்டார். உங்கள் சின்ன விசேஷம் பெரிய முகூர்த்த நாளில் விழுந்தால், எந்தச் சமையல்காரரும் தன் முதல் குழுவைக் கல்யாணத்துக்கு அனுப்பிவிட்டு இரண்டாம் குழுவைத்தான் உங்களுக்கு அனுப்புவார். நானும் அதைத்தான் செய்வேன். தேதியை ஒரு நாள் தள்ளிப்போட முடிந்தால் தள்ளிப்போடுங்கள். முடியாவிட்டால் பாதிக்குப் பாதியே பத்திரம். மாசி, பங்குனிக்கும் இதுவே.

பிரியாணி என்றால்

என் அடுப்பில் அசைவம் இல்லை. இருந்தாலும் கேட்கிறார்கள், எனவே சொல்கிறேன். காதுகுத்துக்கோ, தீபாவளிக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்கோ பிரியாணி என்று முடிவானால் இவ்வளவு விவாதமே தேவையில்லை. வெளியில் கொடுத்துவிடுங்கள். தம் போட்ட அண்டா தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும்; நாற்பது பேருக்கான தம்மை வீட்டு அடுப்பில் போட முடியாது. கேட்க வேண்டியது ஒன்றுதான்: ஒரு கிலோ என்றால் அரிசி ஒரு கிலோவா, வெந்த பிரியாணி ஒரு கிலோவா? கறி அரிசிக்குச் சமமாகப் போடுவார்களா, குறைவாகவா என்பதையும் கேட்டுவிடுங்கள். இரண்டு கடைகளின் விலையை ஒப்பிடுவது அதற்குப் பிறகு. வெங்காயப் பச்சடியை மட்டும் வீட்டில் செய்யுங்கள்; நறுக்கி அரைமணிக்கு மேல் தயிரில் கிடந்தால் நீர்த்துவிடும்.

எந்த வழியில் சமைத்தாலும் கடைசியில் மீதி இருக்கும், வீட்டுக்குக் கிளம்பும் உறவினர் கையில் கட்டிக் கொடுப்பதும் நம் பழக்கம். இனிப்பு, வறுவல், புளியோதரை, வத்தக்குழம்பு இவற்றைத் தாராளமாகக் கட்டிக் கொடுங்கள். சாம்பாரைக் கொதிக்க வைத்துக் கொடுங்கள், வெயில் காலத்தில் அதுவும் வேண்டாம். சாதம் மீந்தால் ஆறியதும் தண்ணீர் ஊற்றி வையுங்கள். அவியலையும் தேங்காய்ச் சட்னியையும் யாருக்கும் கொடுத்தனுப்பாதீர்கள். அவர்கள் ஊர் போய்ச் சேரும் வரை அது தாங்காது.